எட்டா, பத்தா? பறவை நோக்குவோர் பைனாகுலர் வாங்கும்போது

பைனாகுலரின் ஜாதகத்தில் பாதி, அதன் உடலில் அச்சிட்ட இரண்டு எண்களிலேயே இருக்கிறது. 8×42 என்று போட்டிருந்தால் முதல் எண் உருப்பெருக்கம். இரண்டாவது எண் முன்புறம் இருக்கும் பெரிய வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். எட்டு மடங்கு என்றால், 80 மீட்டர் தள்ளி மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் பனங்காடை 10 மீட்டரில் இருப்பதுபோலத் தெரியும். தமிழில் பறவை நோக்குவோர் இதை இருநோக்கி என்று எழுதுகிறார்கள். கடையில் கேட்கும்போது பைனாகுலர்தான். ஜாதகத்தின் மறுபாதி அச்சில் வருவதில்லை. உள்ளே இருக்கும் முப்பட்டகம் எத்தகையது, கண்ணாடிப் பரப்புகளில் என்ன பூசியிருக்கிறார்கள், மூக்குக்கண்ணாடி போட்டவருக்கு முழுக் காட்சியும் கிடைக்குமா, மழையில் நனைந்தால் என்ன ஆகும் என்பவைதான் கருவியின் தரத்தையும் விலையையும் முடிவு செய்கின்றன. முதன்முறை வாங்குபவர் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவதும் இவற்றைத்தான்.

நடுத்தர விலை என்பதை இந்தியச் சந்தையில் ஏறக்குறைய 10,000 ரூபாயிலிருந்து 40,000 ரூபாய் வரை என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே பொருட்காட்சிக் கடைகளில் கிடைக்கும் பொம்மைகளும், சில நல்ல எளிய கருவிகளும் கலந்து கிடக்கின்றன. மேலே ஸ்வரோவ்ஸ்கி, ஸைஸ், லைக்கா போன்ற ஐரோப்பிய நிறுவனங்களின் உயர்நிலைக் கருவிகள். அவற்றின் விலை ஒன்றரை, இரண்டு லட்ச ரூபாயைத் தாண்டும். இடையில் இருக்கும் அடுக்கில்தான் கொடுக்கிற பணத்துக்குக் கிடைக்கிற காட்சி மிக அதிகம். அந்தப் பணம் கருவியின் எந்தப் பகுதிக்குப் போயிருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தால் போதும்.

உருப்பெருக்கம் என்ற ஆசை

பெரிதாகக் காட்டுவது நல்ல பைனாகுலர் என்பது இயல்பாக வரும் எண்ணம். அதனால்தான் 20×50, 30×60 என்று அச்சிட்ட கருவிகள் விற்றுத் தீர்கின்றன. மலிவுக் கருவிகளில் அந்த எண்கள் பல நேரம் உண்மையும் அல்ல. உண்மையாகவே இருந்தாலும் கையில் பிடித்துப் பார்க்க அவை உதவா. எட்டு மடங்குக் கருவி பறவையை மட்டும் எட்டு மடங்காக்குவதில்லை; கை நடுக்கத்தையும் மூச்சின் ஏற்ற இறக்கத்தையும் அதே அளவுக்குப் பெருக்கிக் காட்டுகிறது. எட்டு மடங்கில் பெரும்பாலோரால் படத்தை அசையாமல் வைத்துக்கொள்ள முடிகிறது. பத்தில் பழகிய கை வேண்டும். பன்னிரண்டுக்கு மேல் போனால் முக்காலி இல்லாமல் இறகின் கோடுகளைப் படிக்க முடியாது. நடுங்கும் பத்து மடங்குப் படத்தைவிட நிலையான எட்டு மடங்குப் படத்தில் கண் அதிக விவரத்தைப் பிடித்துவிடும்.

உருப்பெருக்கம் கூடக்கூட வேறு மூன்றும் குறைகின்றன. பார்வைப்புலம் பொதுவாகக் குறுகுகிறது. இலைக்கூட்டத்தில் தாவும் கதிர்க்குருவியைத் தேடிப் பிடிக்க அதிக நேரமாகிறது. குவிய ஆழம் குறைகிறது; பறவை இரண்டு கிளை தள்ளி உட்கார்ந்தாலே மீண்டும் சக்கரத்தைத் திருப்ப வேண்டியிருக்கிறது. வெளிச்சமும் குறைகிறது. இவற்றுடன் வெயில் நாடுகளுக்கே உரிய இடைஞ்சல் ஒன்றும் உண்டு. கோடியக்கரையின் சேற்று வெளியிலோ பழவேற்காட்டு ஏரிக்கரையிலோ காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் கானல் எழுந்துவிடும். தரையை ஒட்டி நெளியும் அந்தக் காற்றையும் பெரிய உருப்பெருக்கம் பெரிதாக்கிக் காட்டும்போது, தூரத்துப் பூநாரைக் கூட்டம் தண்ணீரில் கரைந்த ஓவியம்போல் ஆகிவிடுகிறது. கருவியை மாற்றுவதால் இது தீராது. விடியற்காலையில் போவதுதான் வழி.

பத்து மடங்குக்கும் இடம் உண்டு. திறந்த வெளியிலும் கடற்கரையிலும் வட்டமிடும் கழுகுகளைப் பார்ப்பதிலும் பழகியவர்கள் 10×42-ஐ விரும்புவது காரணமில்லாமல் அல்ல. ஆனால் ஒரே ஒரு பைனாகுலர் வைத்துக்கொண்டு குளத்துக்கும் காட்டுக்கும் வீட்டுக் கொல்லைக்கும் போகப்போகிறவருக்கு, அதுவும் முதல் கருவி வாங்குபவருக்கு, எட்டே சரி. நீர்நிலைகளில் மிகத் தொலைவிலுள்ள உள்ளான்களைப் பிரித்தறிய வேண்டுமானால் அதற்கு முக்காலியில் பொருத்திய ஒற்றைக்குழல் தொலைநோக்கிதான் கருவி. பைனாகுலரின் எண்ணைக் கூட்டி அந்த வேலையை வாங்க முடியாது. ஜூம் வசதியுள்ள பைனாகுலர்களை அறவே தவிர்ப்பது நல்லது. நகரும் வில்லைகள் இரு குழல்களிலும் ஒரே சீராக நகர வேண்டும். இந்த விலையில் அந்தத் துல்லியம் கிடைப்பதில்லை, பார்வைப்புலமும் குறுகிப்போகிறது.

ஒளியின் கணக்கு

வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் வருவது, பைனாகுலரின் பின்புறம் வெளியேறும் ஒளிவட்டத்தின் அளவு. கருவியைக் கை நீட்டி வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால், கண்ணருகு வில்லையில் சிறிய வெண்ணிற வட்டமாக அது கண்ணுக்கே தெரியும். 8×42-க்கு இது 5.25 மி.மீ., 10×42-க்கு 4.2, 8×32-க்கு 4, சட்டைப்பையில் அடங்கும் 10×25-க்கு வெறும் 2.5. கண்மணியின் துளை நல்ல வெயிலில் 2 முதல் 3 மி.மீ. வரைதான் திறந்திருக்கும். இருட்டில் இளையோருக்கு ஏறக்குறைய 7 மி.மீ. வரை விரியும், வயதாக ஆக அந்த விரிவு குறைந்து 5 மி.மீ. அளவில் நின்றுவிடுவதும் உண்டு.

இந்த இரண்டு அளவுகளும் எங்கே சந்திக்கின்றன என்பதுதான் விஷயம். நண்பகல் வெயிலில் 10×25-உம் 8×42-உம் ஒரே வெளிச்சத்தைத்தான் தருகின்றன. கண்ணே அதற்கு மேல் வாங்கிக்கொள்வதில்லை. விடியலிலும் அந்தியிலும், ஆனைமலையின் மழைக்காட்டு நிழலிலும் கண்மணி விரிந்துவிடுகிறது. அப்போது 4.2 மி.மீ. ஒளிவட்டம் தரும் ஒளி, 5.25 மி.மீ. வட்டம் தருவதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. பறவைகள் சுறுசுறுப்பாக இருப்பதும் அந்த நேரங்களில்தான். ஒளிவட்டம் பெரிதாக இருப்பதில் இன்னொரு சுகமும் உண்டு. கண் கொஞ்சம் விலகினாலும் படம் கருத்து மறைவதில்லை. நாள் முழுக்கப் பார்த்தாலும் களைப்பு குறைவு.

அப்படியானால் 50 மி.மீ. வில்லை இன்னும் நல்லதல்லவா என்ற கேள்வி எழும். 7×50 கப்பற்படைகளில் நெடுங்காலமாகப் பயன்படுவது அதன் 7 மி.மீ. ஒளிவட்டத்துக்காகத்தான். ஆனால் 50 மி.மீ. கருவிகள் பெரும்பாலும் முக்கால் கிலோவைத் தாண்டிவிடும். நான்கு மணி நேரம் கழுத்தில் தொங்கும் கருவிக்கு ஒவ்வொரு நூறு கிராமும் கணக்கு. பறவை நோக்குவோர் உலகெங்கும் 42-இல் வந்து நின்றது எடைக்கும் வெளிச்சத்துக்கும் இடையிலான உடன்பாடு. மலையேற்றம் போகிறவர்களுக்கும், சிறிய கை உள்ளவர்களுக்கும், வெயிலில் மட்டும் பார்ப்பவர்களுக்கும் 8×32 அல்லது 8×30 நல்ல மாற்று. அந்த அளவில் அரைக் கிலோவுக்குக் குறைந்த தரமான கருவிகள் இப்போது கிடைக்கின்றன. 25 மி.மீ. கருவி பயணப்பையில் கூடவே கிடக்கும் இரண்டாவது கருவியாக இருக்கலாம். முதலாவதாக வாங்க வேண்டாம்.

பார்வைப்புலம்

பைனாகுலருக்குள் தெரியும் காட்சி எவ்வளவு அகலம் என்பதைப் பாகையிலோ, 1,000 மீட்டர் தூரத்தில் எத்தனை மீட்டர் என்றோ குறிப்பார்கள். ஒரு பாகை என்பது ஏறக்குறைய 17.5 மீட்டர். ஒரே நிறுவனத்தின் இரண்டு கருவிகளை எடுத்துக்கொண்டால் இதன் பொருள் விளங்கும். நிக்கான் மோனார்க் எம்5 வரிசையின் 8×42-க்குப் பார்வைப்புலம் 6.4 பாகை, அதற்கு அடுத்த படியான எம்7 வரிசையின் 8×42-க்கு 8.3 பாகை. 20 மீட்டர் தள்ளியிருக்கும் மரத்தில் முதலாவது காட்டுவது சுமார் 2.2 மீட்டர் அகலம், இரண்டாவது 2.9 மீட்டர். பரப்பில் பார்த்தால் இது மூன்றில் இரண்டு பங்கு கூடுதல். பூவரச மரத்தில் ஒரு நொடி தெரிந்து மறையும் தையல்சிட்டைத் தேடுகிறவருக்கு அந்தக் கூடுதல் பரப்பு, பார்த்ததற்கும் தவறவிட்டதற்கும் இடையிலான வித்தியாசம்.

அகலம் மட்டும் போதாது. மலிவான அகலக்காட்சிக் கருவிகளில் நடுவில் மட்டும் தெளிவிருக்கும், ஓரம் குழைந்துபோயிருக்கும். ஓரத்தில் சிறிது தெளிவு குறைவது இந்த விலையில் எல்லாக் கருவியிலும் உண்டு, அது பெரிய குறையுமல்ல. பறவையை நடுவுக்குக் கொண்டுவந்துதான் பார்க்கப்போகிறோம். ஆரத்தில் பாதி தூரத்திலேயே தெளிவு போய்விடுகிறதென்றால் அச்சிட்ட பாகைக்கு மதிப்பில்லை. எட்டு மடங்குக் கருவியில் 7.5 பாகைக்கு மேல் இருந்து, அதில் பெரும்பகுதி தெளிவாகவும் இருந்தால் நல்ல தேர்வு.

முப்பட்டகமும் பூச்சும்

வில்லைகள் மட்டும் இருந்தால் படம் தலைகீழாகத் தெரியும். அதை நிமிர்த்துவது குழலுக்குள் இருக்கும் முப்பட்டகம். இத்தாலியரான இக்னாசியோ போரோ இதற்கான அமைப்புக்கு 1854-இல் காப்புரிமை பெற்றார். அவர் காலத்துக் கண்ணாடியின் தரம் அந்த யோசனைக்கு ஈடுகொடுக்கவில்லை. ஜெர்மனியின் ஜேனா நகரில் எர்ன்ஸ்ட் ஆபேயின் முயற்சியால் ஸைஸ் நிறுவனம் 1894-இல் முப்பட்டக பைனாகுலர்களை விற்பனைக்குக் கொண்டுவந்தபோதுதான் இன்றைய பைனாகுலர் பிறந்தது. தோள்கள் அகன்று, முன்வில்லைகள் விலகி நிற்கும் பழைய வடிவம் போரோ வகை. குழல்கள் நேராக இருக்கும் ஒல்லியான வடிவம் கூரை முப்பட்டக வகை. முப்பட்டகத்தின் இரு முகங்கள் வீட்டுக் கூரைபோல் சந்திப்பதால் அந்தப் பெயர்.

கூரை வகை கைக்கு அடக்கமானது, நீர்புகாமல் அடைப்பதும் எளிது. அதன் அழகுக்கு ஒரு விலை உண்டு. கூரையின் இரு முகங்களும் சந்திக்கும் செங்கோணம் ஒரு பாகையின் ஆயிரத்தில் ஓரிரு பங்குகூடப் பிசகக் கூடாது. அது சரியாக இருந்தாலும் கூரையில் பட்டு இரண்டாகப் பிரியும் ஒளி மீண்டும் சேரும்போது அலைகளின் கட்டம் பொருந்தாமல் தெளிவு மங்குகிறது. ஸைஸ் நிறுவனம் 1988-இல் இதற்கு ஒரு மெல்லிய பூச்சால் தீர்வு கண்டது. கட்டத் திருத்தப் பூச்சு எனலாம், விளம்பரங்களில் ஃபேஸ் கோட்டிங் என்று வரும். இன்று நடுத்தர விலைக் கருவிகளில் அது வந்துவிட்டது. இல்லாத கூரை வகைக் கருவியை வாங்குவதில் பொருளில்லை.

இதே வகையில் பெரும்பாலும் பயன்படும் முப்பட்டகத்தின் ஒரு முகத்தில் ஒளி முழுமையாகத் திரும்புவதில்லை. அங்கே கண்ணாடிக்குப் பாதரசம் பூசுவதுபோல் ஒரு பிரதிபலிப்புப் பூச்சு தேவை. அலுமினியம் பூசினால் பத்தில் ஒரு பங்கு ஒளி அங்கேயே போகும். வெள்ளிப் பூச்சு அதைவிட மேல். டைஎலக்ட்ரிக் என்ற பல அடுக்குப் பூச்சில் இழப்பு நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. போரோ வகையில் இந்தச் சிக்கல்கள் எதுவுமே இல்லை. அதனால்தான் 10,000 ரூபாயை ஒட்டிய விலையில் ஒரு போரோ கருவி, அதே விலையுள்ள கூரை வகையைவிடப் பல நேரம் தெளிவான, ஆழம் தெரிகிற படத்தைத் தருகிறது. பார்க்கப் பழமையாக இருக்கிறதென்று ஒதுக்கிவிடுவது பிழை. நிக்கானின் அக்குலான் 8×42 அப்படியான கருவி; எட்டுப் பாகை அகலம், நல்ல மையத் தெளிவு. குறைகளும் வெளிப்படையானவை: நீர்புகாக் காப்பு இல்லை, ஐந்து மீட்டருக்குக் கிட்டே இருப்பதைப் பார்க்க முடியாது, மூக்குக்கண்ணாடி போட்டவருக்கு ஏற்றதல்ல. அதே நிறுவனத்தின் ஆக்‌ஷன் ஈஎக்ஸ் 8×40 நீர்புகாத போரோ. எடை மட்டும் 855 கிராம்.

முப்பட்டகத்துக்குப் பயன்படும் கண்ணாடி பேக்-4, பிகே-7 என்று இரண்டு பெயர்களில் வரும். பேக்-4 மேலானது. பிகே-7 போட்ட கருவிகளில் முன்சொன்ன ஒளிவட்டம் முழு வட்டமாக இல்லாமல், ஓரங்கள் சாம்பல் நிறத்தில் வெட்டுப்பட்டுச் சதுரம்போல் தெரியும். விளம்பரத்தை நம்பவேண்டியதில்லை, வானத்துக்கு நேரே பிடித்தால் கருவியே சொல்லிவிடும்.

அடுத்தது வில்லைகளின் மேற்பூச்சு. பூசாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு நான்கு பங்கு ஒளி திரும்பிவிடுகிறது. ஒரு குழலில் இப்படிப் பத்துப் பரப்புகள் என்று வைத்துக்கொண்டாலும் மூன்றில் ஒரு பங்கு ஒளி வழியிலேயே போய்விடும். போவது மட்டுமல்ல, உள்ளே சிதறிப் படத்தைப் பால்கலந்ததுபோல் வெளுக்கவும் செய்யும். ஸைஸில் பணிபுரிந்த அலெக்சாண்டர் ஸ்மாகுலா 1935-இல் கண்டறிந்த எதிரொளித் தடுப்புப் பூச்சு இதை மாற்றியது. இன்றைய பல அடுக்குப் பூச்சில் இழப்பு ஒரு பரப்புக்கு அரை விழுக்காடு அளவுக்கு இறங்கிவிட்டது. அதே பத்துப் பரப்புகளில் இப்போது மொத்த இழப்பு ஐந்து விழுக்காடுதான்.

இங்கே சொல்லில் ஏமாற்று நடக்கிறது. கோட்டட் என்றால் சில பரப்புகளில் ஓர் அடுக்கு. மல்ட்டி கோட்டட் என்றால் ஏதோ சில பரப்புகளில் மட்டும் பல அடுக்கு. ஃபுல்லி மல்ட்டி கோட்டட் என்றால்தான் எல்லாப் பரப்புகளிலும் பல அடுக்கு. நடுத்தர விலையில் மூன்றாவதற்குக் குறைந்த எதையும் ஏற்கக் கூடாது. குங்குமச் சிவப்பாகப் பளபளக்கும் வில்லைகளைக் கண்டால் நகர்ந்துவிடலாம். சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும் பூச்சு அது. திரும்பிப் போன சிவப்பு கண்ணுக்கு வராது. செம்மீசைச் சின்னானின் கன்னத்துச் சிவப்பே மங்கிவிட்டால் பிறகு எதைப் பார்ப்பது? நிறம் பிசகாமல் தெரிவது அழகுக்காக மட்டுமல்ல. கொசு உள்ளான்களில் ஒரு வகைக்குக் கால் கருப்பு, இன்னொன்றுக்கு மஞ்சள் கலந்த பச்சை. அந்த நிறத்தை வைத்துத்தான் பல நேரம் இரண்டையும் பிரிக்க முடியும்.

வெளுத்த வானத்தின் எதிரில் ஒரு கரிச்சானைப் பார்க்கும்போது அதன் விளிம்பில் ஊதாவும் பச்சையும் இழையோடினால் அது நிறப்பிறழ்ச்சி. ஒளியின் நிறங்கள் ஒரே புள்ளியில் குவியாததால் வருவது. ஈ.டி. கண்ணாடி என்று குறிப்பிடும் சிறப்புக் கண்ணாடி அதைக் குறைக்கிறது. நடுத்தர விலையின் மேல்பாதியில் இது கிடைக்கும். வானத்தின் எதிரில் பருந்துகளையும் இருவாச்சிகளையும் அதிகம் பார்ப்பவருக்குப் பயன் உண்டு. ஆனால் ஈ.டி. என்ற எழுத்துக்கு மட்டும் தனியே காசு கொடுக்க வேண்டியதில்லை. பூச்சும் முப்பட்டகமும் சுமாராக இருக்கும் கருவியை ஈ.டி. காப்பாற்றாது.

முகத்துக்குப் பொருந்துவது

எல்லா அளவும் சரியாக இருந்தும் ஒரு பைனாகுலர் ஒருவருக்கு உதவாமல் போகலாம். கண்ணருகு வில்லையிலிருந்து எவ்வளவு தூரத்தில் கண் இருந்தால் முழுக் காட்சியும் தெரிகிறதோ, அதைக் கண் இடைவெளி எனலாம். அட்டவணைகளில் ஐ ரிலீஃப் என்று வரும். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பவருக்குக் குறைந்தது 15 மி.மீ. வேண்டும், 17-க்கு மேல் இருந்தால் நிம்மதி. குறைவாக இருந்தால் சாவித்துளை வழியாகப் பார்ப்பதுபோல் நடுப்பகுதி மட்டும் தெரியும். கண்ணாடி போடாதவர் கண்கிண்ணத்தைத் திருகி வெளியே இழுத்துக்கொள்ள வேண்டும், போட்டவர் உள்ளே தள்ள வேண்டும். இடையில் ஓரிரு நிறுத்தங்களில் உறுதியாக நிற்கிற கிண்ணம் நல்லது; கொஞ்ச நாளில் தளர்ந்து தானே இறங்கிவிடும் கிண்ணங்களும் உண்டு.

இரு கண்மணிகளுக்கு இடையிலான தூரம் ஆளுக்கு ஆள் மாறும். பல கருவிகள் 56 மி.மீ. அளவுக்குக் கீழே மடங்குவதில்லை. சிறுவர்களுக்கும் ஒடுங்கிய முகம் உள்ளவர்களுக்கும் இரண்டு வட்டங்களும் ஒன்றாகச் சேராமல் போவது இதனால்தான். பிள்ளைகளுக்கு வாங்கும்போது இதை முதலில் பார்க்க வேண்டும். நேர்குழலுள்ள சிறிய 30 மி.மீ. கருவிகள் அவர்களுக்குப் பொருந்தும்.

குவியச் சக்கரம் ஒரு விரலால் தடையில்லாமல் சுழல வேண்டும், இரண்டு திசையிலும் ஒரே இறுக்கம் இருக்க வேண்டும். எவ்வளவு கிட்டே இருப்பதைக் குவிக்கும் என்பதும் முக்கியம். இரண்டு மீட்டரில் குவியும் கருவி இருந்தால் பறவை இல்லாத மதிய வேளையில் வண்ணத்துப்பூச்சியும் தட்டானும் பார்க்கலாம். எம்7 வரிசையின் 8×42 இரண்டு மீட்டரிலும், வோர்ட்டெக்ஸ் டைமண்ட்பேக் எச்.டி. 8×42 ஒன்றரை மீட்டரிலும் குவியும். பறவைக்காக வாங்கிய கருவியோடு பூச்சி உலகத்துக்குள் போய்விட்டவர்கள் பலர்.

நீர்புகாக் காப்பைப் பலர் மழை நாடுகளுக்கான ஆடம்பரம் என்று நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் வலசைப் பறவைகள் வந்திறங்கும் காலமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாகவே வருகின்றன. வேடந்தாங்கல் ஏரி நிரம்பி மரங்களில் நத்தைக்குத்தி நாரைகள் கூடுகட்டுவது அந்த மழையை நம்பித்தான். கரையில் ஈரம் இல்லாத நாள் குறைவு. காற்றை வெளியேற்றி நைட்ரஜனோ ஆர்கானோ நிரப்பி அடைத்த கருவியில் உட்புறம் மூட்டம் படியாது, தூசியும் போகாது, பூஞ்சை பிடிக்கும் வாய்ப்பும் மிகக் குறைவு. கடலோர ஊர்களில் அடைக்காத கருவி இரண்டு மூன்று மழைக்காலத்தில் உள்ளே சிலந்திவலைபோல் பூஞ்சை படர்ந்து பாழாவதுண்டு. பூச்சையே அரித்துவிடும் அந்தப் பூஞ்சையை எடுக்க, கருவியைப் பிரித்துத் திரும்பச் சேர்க்க வேண்டும். அந்தச் செலவு பல நேரம் கருவியின் விலையை நெருங்கிவிடும்.

பணம் எங்கே போகிறது

10,000 ரூபாயை ஒட்டி நல்ல போரோ ஒன்றையோ, அடிப்படையான நீர்புகாக் கூரை வகை ஒன்றையோ எதிர்பார்க்கலாம். 15,000-இலிருந்து 25,000 வரை கட்டத் திருத்தப் பூச்சு, முழுப் பல அடுக்குப் பூச்சு, நைட்ரஜன் அடைப்பு மூன்றும் ஒன்றாக வந்துவிடுகின்றன. பறவை நோக்குவோரில் மிகப் பலருக்கு இந்த இடமே போதும். எம்5 போன்றவை இந்தப் பகுதியின் மேல்விளிம்பில் இருக்கின்றன: ஈ.டி. கண்ணாடி, 19.5 மி.மீ. கண் இடைவெளி, 630 கிராம் எடை. பார்வைப்புலம் மட்டும் குறுகல். 40,000-ஐ நெருங்கினால் அந்த அகலமும் வந்து சேர்கிறது. அதற்கு மேல் விலை இரட்டிப்பாகும்போது கிடைப்பது ஓரத் தெளிவும் கடைசி ஒளித்துளியும் கருவியின் நெடுநாள் உழைப்பும். உண்மையான மேன்மைதான் அது. ஆனால் 5,000 ரூபாய்க் கருவியிலிருந்து 20,000 ரூபாய்க் கருவிக்குத் தாவும்போது உண்டாகும் வியப்பு, அங்கிருந்து இரண்டு லட்சத்துக்குத் தாவும்போது உண்டாவதில்லை.

விலை மாறிக்கொண்டே இருப்பது, உத்தரவாதம் மாறாதது. இறக்குமதியாளரின் முத்திரையில்லாத சரக்கு சில ஆயிரம் மலிவாகக் கிடைக்கும். கருவி கீழே விழுந்து குழல்களின் நேர்கோடு பிசகினால் அதைச் சரிசெய்ய ஆள் தேடும்போதுதான் ரசீதின் மதிப்பு தெரியும்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

இணையத்தில் வாங்குவதற்கு முன் ஒரு முறையாவது கையில் எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. அதற்குக் கடையே வேண்டுமென்பதில்லை. 2015 முதல் ஜனவரியில் நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு போன்ற நாட்களில் ஊர் ஏரிக்கரைக்குப் போனால் நான்கைந்து விதக் கருவிகள் அங்கே இருக்கும். கேட்டால் பார்க்கக் கொடுப்பார்கள். அட்டவணை சொல்லாததைப் பத்து நிமிடத்தில் முகம் சொல்லிவிடும்.

சோதிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. குழல்விளக்கின் பிரதிபலிப்பை முன்வில்லையில் பார்க்க வேண்டும்: மங்கலான பச்சையும் ஊதாவுமாக இருந்தால் பூச்சு இருக்கிறது, நடுவே ஒன்று பளிச்சென்று வெள்ளையாக மின்னினால் உள்ளே பூசாத பரப்பு ஒளிந்திருக்கிறது. பிறகு கடைக்கு வெளியே வந்து தூரத்து மின்கம்பியையோ மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரையோ நோக்கிக் குவித்து, கருவியை மெல்ல முகத்திலிருந்து ஒரு சாண் விலக்க வேண்டும். இரண்டு வட்டங்களிலும் கோடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்றில் ஏறியும் ஒன்றில் இறங்கியும் தெரிந்தால் குழல்கள் நேர்கோட்டில் இல்லை. அதை மூளை சிறிது நேரம் சமாளித்துக்கொள்ளும், அரை மணியில் தலைவலி வரும். பழைய கருவி வாங்குவோருக்கு இது கட்டாயச் சோதனை. அதோடு முன்வில்லை வழியாக உள்ளே கைவிளக்கு அடித்துப் பூஞ்சை இழை இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

வாங்கிய முதல் நாளே கருவியைக் கண்ணுக்குப் பொருத்திக்கொள்ள வேண்டும். பலர் ஆண்டுக்கணக்கில் இதைச் செய்யாமலே பார்த்துவருகிறார்கள். முதலில் குழல்களை மடக்கி இரண்டு வட்டமும் ஒன்றாகும்படி வைக்க வேண்டும். வலக்குழலின் முன்வில்லையைக் கையால் மூடி, இரு கண்களையும் திறந்தபடி, தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றை இடக்கண்ணுக்குத் தெளிவாகும்வரை நடுச்சக்கரத்தால் குவிக்க வேண்டும். அடுத்து இடக்குழலை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலக்கண்ணருகு உள்ள டையாப்டர் வளையத்தை மட்டும் திருப்பி அதே பலகையைத் தெளிவாக்க வேண்டும். இரு கண்ணின் பார்வை வேறுபாடும் இதில் சரியாகிவிடும். இனி நடுச்சக்கரம் மட்டும் போதும். வளையம் நின்ற இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளலாம், பிறர் கைக்குப் போய்த் திரும்பும்போது மாறியிருக்கும். பறவையைத் தேடுவது எப்போதும் வெறுங்கண்ணால். கண்டபின் பார்வையை எடுக்காமல் கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். கருவியை வைத்துக்கொண்டு மரம் முழுக்கத் துழாவினால் பறவை கிடைக்காது. சூரியன் இருக்கும் திசையில் துழாவுவது ஆபத்தும்கூட. பைனாகுலர் வழியாக ஒரு கணம் சூரியனைப் பார்த்தாலும் விழித்திரை நிரந்தரமாகப் பழுதாகலாம்.

கழுத்துப்பட்டை வெட்டினால் தோள்களில் எடையைப் பகிர்ந்துகொள்ளும் வார் தனியே கிடைக்கிறது. கழுத்துவலி உள்ளவர்களுக்கு அது பேருதவி. வில்லையைச் சட்டைத் துணியால் துடைப்பதுதான் கருவிக்குச் செய்யும் பெரிய கேடு. கடற்கரைக் காற்றில் மணலும் உப்பும் இருக்கும். துடைக்கும்போது அவை பூச்சைக் கீறும். முதலில் ஊதுகுமிழாலோ மெல்லிய தூரிகையாலோ தூசியை அகற்றி, அதன் பிறகே வில்லைத் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைக்க வேண்டும். நீர்புகாத கருவியாக இருந்தால் உப்பு படிந்த உடலை நல்ல தண்ணீர் தொட்ட துணியால் ஒற்றி எடுக்கலாம். மழையில் நனைந்து வந்ததை அப்படியே உறையில் போட்டு மூடக் கூடாது. ஒரு நாள் மின்விசிறிக் காற்றில் உலரட்டும். பிறகு காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அந்தப் பொட்டலங்கள் சீக்கிரம் ஈரமேறிவிடும். வாரம் ஒரு முறை பார்த்து மாற்ற வேண்டும்.